விரால் பிடிக்கத் தெரிந்தவருக்கு விரால் காக்கவும் தெரியணும்

நம்ம ஊர்க் குளத்து மீன்களில் எது ருசி என்று கேட்டால் பாதிப் பேர் யோசிக்காமல் சொல்லும் பெயர் விரால். முள் குறைவு, சதை கெட்டி, குழம்பு வைத்தால் மறுநாளும் கரையாது. பிள்ளை பெற்றவர்களுக்கும், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர்களுக்கும் விரால் குழம்பு கொடுப்பது வீட்டு வழக்கம். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இதே மீனைத்தான் காயம் ஆற வேண்டும் என்று சமைத்துக் கொடுக்கிறார்கள். தெலங்கானா மாநிலம் இதைத் தன் மாநில மீனாகவே வைத்திருக்கிறது. சங்கப் பாடல்களில் மருத நிலத்து வயலிலும் பொய்கையிலும் வரும் வராலும் இதுதான்.

இயற்கை வேளாண்மைப் பத்திரிகையில் மீன் பாடம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். விரால் குளத்து மீன் மட்டும் இல்லீங்க, வயல் மீனும்கூட. நம்ம தண்ணி நல்ல தண்ணியா, விஷத் தண்ணியா என்று காட்டிக் கொடுக்கிற மீன். தூண்டில் போடுகிறவருக்கு விரால் பற்றித் தெரிந்த பல விஷயங்கள் உழவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதனால் இந்தப் பாடத்தை விராலைப் பிடிப்பதில் ஆரம்பித்து, காப்பதில் முடிப்போம்.

விராலுக்கு இரண்டு மூச்சு

விராலின் தலை பாம்புத் தலை போலத் தட்டையாக இருக்கும். உடம்பு உருண்டை, முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால் தொடங்கி வால் வரைக்கும் நீளமாகப் போகும். வாய் அகலம், பல் கூர்மை. சாதாரணமாகக் கிடைப்பது அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை. பழைய குளங்களில் இரண்டு, மூன்று கிலோ விராலும் உண்டு. இதன் சின்னப் பங்காளிதான் கொரவை. உருவம் ஒரே சாயல் என்றாலும், கொரவை ஒரு சாண் அளவோடு நின்றுவிடும்.

மற்ற மீன்களில் இருந்து விராலைப் பிரித்துக் காட்டுவது அதன் மூச்சு. கெண்டை வகைகள் தண்ணீரில் கரைந்திருக்கும் உயிர்வளியைச் செவுள் வழியாக எடுத்துக்கொண்டு வாழ்கின்றன. விராலுக்குச் செவுள் உண்டு, ஆனால் அது மட்டும் போதாது. தலைக்குள் செவுளுக்கு மேலே தனியாக ஒரு காற்றறை இருக்கிறது. மேலே வந்து வாயால் காற்றை இழுத்து அந்த அறையில் நிரப்பிக்கொண்டு மறுபடி கீழே போகும். மேலே வர விடாமல் தடுத்தால் வளர்ந்த விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

இந்த ஒரு குணத்தில் இருந்துதான் மற்ற எல்லாம் வருகிறது. சேறும் சகதியுமான குட்டையில் கெண்டை சாகும், விரால் பிழைக்கும். உடம்பு ஈரமாக இருந்தால் தண்ணீருக்கு வெளியே பல மணி நேரம் தாங்கும். சந்தையில் ஈரச் சாக்கில் உயிரோடு விற்பது இதனால்தான். மழை ராத்திரியில் வரப்பு தாண்டி அடுத்த வயலுக்குப் போகும். கோடையில் குளம் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

ஒரு வருசத்து விரால்

குளமும் வாய்க்காலும் வயலும் ஒன்றோடு ஒன்று சேர்ந்திருக்கும் வரைக்கும் விராலுக்கு மூன்றுமே வீடு. புதுத் தண்ணி வரும்போது ஓட்டத்தை எதிர்த்து ஏறும். டெல்டாவில் ஆற்றுத் தண்ணி வாய்க்காலுக்கு வரும் காலத்திலும், மற்ற இடங்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் இந்த ஏத்தத்தைப் பார்க்கலாம். மடை வாயிலிலும் கலுங்கு அடியிலும் பறி வைத்து மீன் பிடித்தவர்களுக்கு இது நல்லாத் தெரியும்.

மழைக்காலம்தான் முட்டையிடும் காலம். ஆழம் குறைந்த ஓரத்தில் செடிகளை ஒதுக்கி, வட்டமாக ஒரு இடம் பண்ணி அங்கே முட்டை விடும். முட்டை மஞ்சள் நிறத்தில் தண்ணீருக்கு மேலேயே மிதக்கும். நம்ம வெப்பத்துக்கு ஒன்றிரண்டு நாளில் பொரித்துவிடும். குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில், ஆயிரக்கணக்கில், ஒரே திரளாகச் சுற்றும். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். ஏறக்குறைய ஒரு மாதம் இந்தக் காவல் உண்டு. நிறம் மாறிக் கறுக்கத் தொடங்கியதும் குஞ்சுகள் பிரிந்து போகும்.

பூச்சி, தலைப்பிரட்டை, தவளை, இறால், சிறு மீன் என்று அசைகிற எதையும் விரால் பிடிக்கும். இரை கிடைக்காவிட்டால் தன் இனத்துச் சின்னதையே தின்னும்.

தூண்டில்காரர் எங்கே பார்க்கிறார்?

நல்ல தூண்டில்காரர் குளத்துக்கு வந்ததும் தூண்டிலைப் போடுவதில்லை. முதலில் கரையில் நின்று பார்ப்பார். விரால் மூச்சுக்கு மேலே வந்தே ஆகணும். வரும்போது தண்ணி லேசாகப் புடைக்கும், ஒரு 'ப்ளக்' சத்தம் வரும், இரண்டு மூன்று குமிழி மிச்சமிருக்கும். ஒரே இடத்தில் கொஞ்ச நேர இடைவெளியில் இரண்டு தடவை பார்த்துவிட்டால், அங்கே மீன் படுத்திருக்கிறது என்று அர்த்தம்.

விரால் ஓடித் துரத்துகிற மீன் இல்லை. ஒளிந்திருந்து பாயும். அதனால் திறந்த நடுக்குளத்தை விட்டுவிட்டு இந்த இடங்களைப் பார்க்கணும்:

- கோரை, நாணல், அல்லி இலை முடிகிற ஓரம்
- ஆகாயத்தாமரைப் படலத்துக்கு நடுவில் இருக்கிற சின்னத் திறப்பு
- சாய்ந்து விழுந்த கருவேல மரத்தின் அடி
- மடை, மதகு, கலுங்கு ஓரம்
- வாய்க்கால் குளத்தில் சேரும் இடம்

காலை வெயில் ஏறுவதற்கு முன்பும் மாலை வெயில் இறங்கிய பிறகும் நல்ல நேரம். உச்சி வெயிலில் நிழலுக்குள் போய்விடும். தூறல் விட்ட பிறகு தவளை சத்தம் போடுகிற நேரத்தில் விராலும் இரை தேடும்.

கரையில் நடக்கும் கால் அதிர்வு தண்ணிக்குள் போகும். நிழல் தண்ணியில் விழக்கூடாது. விரால் பிடிக்கப் போகிறவர் பூனை மாதிரி நடக்கணும்.

தூண்டிலும் இரையும்

நம்ம ஊர் முறைக்குப் பெரிய செலவு இல்லை. பத்துப் பன்னிரண்டு அடி மூங்கில் கழி, கெட்டியான நைலான் நரம்பு, பெரிய முள் ஒன்று. தக்கை வேண்டாம், ஈயமும் வேண்டாம். இரை மேல்மட்டத்திலேயே இருக்கணும்.

இரையாகச் சிறு தவளை, சிறு மீன், பிள்ளைப்பூச்சி எல்லாம் வைப்பார்கள். சின்ன விராலும் கொரவையும் மண்புழுவுக்கே வரும். கழி நுனியை மெதுவாக ஆட்டி, இரை இலை மேலிருந்து தண்ணியில் குதித்தது போலத் தட்டித் தட்டிக் கொண்டுபோவதுதான் வித்தை. விரால் அடித்தால் தண்ணி வெடித்தது போலச் சத்தம் கேட்கும். பதறி உடனே இழுத்தால் இரை மட்டும் கையில் வரும். மீன் இரையைக் கவ்விக்கொண்டு திரும்பும் வரைக்கும் மூச்சடக்கி நிற்கணும். நரம்பு ஒரு பக்கமாக நகரும்போது சுண்டி, தொய்வு கொடுக்காமல் ஒரே இழுப்பாக வெளியே எடுக்கணும். கொஞ்சம் விட்டால் செடி வேருக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும்.

இப்போது இளைஞர்கள் உருளை வைத்த கழியும் பின்னல் நூலும் ரப்பர் தவளையும் கொண்டு வருகிறார்கள். ரப்பர் தவளையின் முள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் பாசியில் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். உழவர் பக்கத்தில் இருந்து பார்த்தால் இது நல்ல மாற்றம். உயிருள்ள தவளை நம்ம வயலின் கூலி வாங்காத பூச்சி பிடிப்பான். தவளைக் கால் ஏற்றுமதியை நம் நாடு 1987இல் தடை செய்ததை இங்கே நினைக்கணும். ஒரு விராலுக்காக நாலு தவளையை முள்ளில் குத்துவது வயலுக்கு நட்டம். ரப்பர் தவளை வாங்க வசதி இல்லாவிட்டால், முள்ளில் வெள்ளைத் துணிக் கிழிசலைக் கட்டித் தண்ணி மேல் இழுத்துப் பாருங்கள். பசியான விரால் அதையும் அடிக்கும்.

கழியைக் கரையில் குத்தி, ராத்திரி முழுக்க விட்டுவிட்டுப் போகும் தூண்டில் வேண்டாம். அதில் ஆமையும் தண்ணிப் பாம்பும் நீர்ப்பறவையும் மாட்டி வீணாகச் சாகும்.

சிவப்புக் குஞ்சு மேலே, காவல் மீன் கீழே

இந்தப் பாடத்தில் முக்கியமான இடம் இதுதான்.

மழைக்காலத்தில் அமைதியான குளத்தில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் தூறல் விழுவது போலத் தண்ணி துடிக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் சிவப்புக் குஞ்சுத் திரள் மூச்சு வாங்க மேலே வருவது தெரியும். எந்தத் தூண்டில்காரருக்கும் அதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். ஏனென்றால் கீழே பெரிய விரால் நிச்சயம் இருக்கிறது. திரளுக்கு நடுவில் தவளையைப் போட்டால் அது பசிக்காக அடிப்பதில்லை. பிள்ளையைத் தின்ன வந்த எதிரி என்று நினைத்து அடிக்கிறது. அதனால்தான் மற்ற நாளில் அவ்வளவு சூதானமான மீன் அன்றைக்கு மட்டும் இரண்டே வீச்சில் மாட்டுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிடித்தது ஒரு கிலோ மீன். காவல் போனதும் ஜிலேபிக் கெண்டையும் கெளுத்தியும் தண்ணிப் பாம்பும் கொக்கும் அந்தத் திரளுக்குள் புகுந்துவிடும். ஆயிரக்கணக்கில் இருந்த குஞ்சு சில நாளில் கைவிரல் எண்ணிக்கைக்கு வந்துவிடும். இப்படி ஒரு மழைக்காலத்தில் ஒரு குளத்தில் நாலைந்து காவல் மீனைப் பிடித்துவிட்டால் அடுத்த வருசத்துக்கு அந்தக் குளத்தில் விரால் இல்லை. "முன்ன மாதிரி விரால் கிடைக்கிறதில்லையே" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் மழைக்காலத்தில் என்ன செய்தார்கள் என்று யோசிக்கணும்.

கட்டுப்பாடு சுலபம்தான். சிவப்புக் குஞ்சைப் பார்த்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் போங்கள். தெரியாமல் காவல் மீன் மாட்டிவிட்டால் ஈரக் கையோடு பிடித்து முள்ளைக் கழற்றி அதே இடத்தில் விட்டுவிடுங்கள். சூடான கரை மண்ணில் போட்டுப் புரட்டினால் உடம்பின் வழவழப்பு போய்ப் பூஞ்சாணம் பிடிக்கும். ஒரு அடிக்குக் குறைவான விராலையும் விட்டுவிடுங்கள். அந்த அளவை எட்டும்போதுதான் அது முதல் முட்டைக்கே தயாராகிறது.

கரண்ட் வைத்துப் பிடிப்பதும், வெடி போடுவதும், மருந்து கலக்குவதும் மீன்பிடி ஆகாது. கரண்ட் குஞ்சையும் முட்டையையும் சேர்த்தே முடிக்கும். பிடிக்கிறவர் உயிரையும் எடுக்கும். வெடியும் விஷமும் போட்டு மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே குற்றம் என்று சொல்கிறது.

செத்த மீன் சொல்லும் செய்தி

இனி வயலுக்கு வருவோம். குளத்திலோ குட்டையிலோ மீன் செத்து மிதந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க விரால் நமக்கு உதவும்.

ஒன்று: விடியற்காலையில் கெண்டைகள் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திணறுகின்றன, விரால் சாதாரணமாக இருக்கிறது. அப்படியென்றால் தண்ணியில் உயிர்வளி குறைந்திருக்கிறது. பாசியும் செடியும் ராத்திரியில் உயிர்வளியை எடுத்துக்கொள்வதால் விடியும் நேரத்தில் அது மிகக் குறைவாக இருக்கும். சாணம் அதிகம் கொட்டிய குட்டையில் இது சீக்கிரம் வரும். சாணத்தை நிறுத்தி, புதுத் தண்ணி விட்டால் சரியாகும்.

இரண்டு: எந்த நேரம் என்றில்லாமல் கெண்டையோடு விராலும் கொரவையும் சேர்ந்து சாகின்றன. காற்றை நேரடியாக இழுக்கிற மீனே சாகிறது என்றால் மூச்சுப் பிரச்சினை இல்லை. விஷம் வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கணும். மேல்மடை வயலில் மருந்து அடித்தார்களா, அன்றைக்கு வடிகால் திறந்ததா என்று விசாரியுங்கள். சைபர்மெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் மிகச் சிறு அளவிலேயே மீனைக் கொல்லும். என்டோசல்பானும் அப்படித்தான் கொன்றது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. களைக்கொல்லிகளில் பூட்டாகுளோரும் மீனுக்கு ஆகாது.

மூன்று: மழை முடிந்து பனி தொடங்கும் மார்கழி, தை மாதங்களில் விரால் உடம்பில் சிவந்து குழி விழுந்த புண். இது கொள்ளை நோய்ப் புண். ஒரு வகைப் பூஞ்சாணத்தால் வருவது. 1988இல் நம் நாட்டுக்குள் நுழைந்து, பிறகு மாநிலம் மாநிலமாகப் பரவியது. விரால் இனத்தை இது கடுமையாகத் தாக்கும். புண் உள்ள மீனை எடுத்துக் குழி தோண்டிப் புதைக்கணும். தண்ணியின் கார அமிலத் தன்மையை மீன்வளத் துறை அலுவலகத்தில் பார்த்துக்கொண்டு, அவர்கள் சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்பு போடணும்.

'இயற்கை' என்றால் எல்லாம் பாதுகாப்பு இல்லை

மருந்து அடிக்காத உழவருக்கும் இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. இலுப்பைப் புண்ணாக்கு மண்ணுக்கு நல்லது. ஆனால் அதில் இருக்கும் நுரைப்பொருள் மீனின் ரத்தத்தையே கெடுக்கும். மீன் பண்ணைக்காரர்கள் புதுக் குஞ்சு விடும் முன்பு குட்டையில் இருக்கும் வேண்டாத மீன்களைக் கொல்வதற்கே இலுப்பைப் புண்ணாக்கைத்தான் போடுகிறார்கள். அதை வயலில் போட்டுவிட்டு மறுநாளே தண்ணியைக் குட்டைக்கு வடித்தால், மேல்மடைக்காரர் செய்த வேலையை நாமே செய்த மாதிரி ஆகிவிடும். புகையிலைக் கரைசலும் அப்படித்தான். வேப்பங்கொட்டைக் கரைசல் அவ்வளவு கடுமை இல்லை என்றாலும் குட்டைக்குள் நேராக ஊற்றக்கூடாது. எந்தக் கரைசல் அடித்தாலும் சில நாள் வயல் தண்ணியை வயலிலேயே கட்டி வையுங்கள்.

நம் பண்ணைக் குட்டையில் விரால்

பத்து சென்ட் குட்டை இருந்தால் வீட்டுத் தேவைக்கும் கொஞ்சம் விற்பனைக்கும் விரால் வளர்க்கலாம்.

1. ஆழம் மூன்று முதல் ஐந்து அடி. ஒரு பக்கம் மட்டும் சரிவாக, ஆழம் குறைவாக விடுங்கள். முட்டையிட அந்த இடம் வேண்டும்.

2. கால்வாசிப் பரப்புக்குச் செடி இருக்கட்டும். ஆகாயத்தாமரை முழுசா மூட விடாதீர்கள். மூச்சுக்கு மேலே வர வழி வேண்டும்.

3. சுற்றிலும் மூன்றடி உயரத்துக்கு வலை கட்டுங்கள், அடியை மண்ணில் புதையுங்கள். இல்லாவிட்டால் முதல் மழை ராத்திரியிலேயே மீன் ஊர்ப் பயணம் கிளம்பிவிடும்.

4. முதலில் ஜிலேபிக் கெண்டையை விட்டுப் பெருக விடுங்கள். 1952இல் நம் நாட்டுக்கு வந்த இந்த மீன் குட்டையை நிறைத்து, ஒன்றும் வளராமல் குறுகிப் போகும். அதன் குஞ்சே விராலுக்கு இரை. இரைச் செலவும் குறையும், ஜிலேபியும் கட்டுக்குள் நிற்கும்.

5. மூன்று, நான்கு அங்குல விரால் குஞ்சு நூறு போதும். எல்லாம் ஒரே அளவாக இருக்கணும். பெரிசும் சிறிசும் கலந்தால் பெரிசு சிறிசைத் தின்றுவிடும்.

6. கெண்டைக் குஞ்சு வளர்க்கும் குட்டையில் விரால் விடாதீர்கள். கெண்டை அரைக் கிலோவைத் தாண்டிய பிறகு சேர்க்கலாம்.

7. நெல் வயலில் விட நினைப்பவர்கள் வயலின் ஒரு ஓரத்தில் மூன்றடி ஆழப் பள்ளம் எடுங்கள். மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தண்ணி வடிக்கும்போது மீன் அந்தப் பள்ளத்துக்குள் வந்துவிடும்.

இரை நல்லாக் கிடைத்தால் பத்து மாதத்தில் அரைக் கிலோவைத் தாண்டும். உயிரோடு விற்றால்தான் நல்ல விலை, அதனால் ஆள் வந்த பிறகு பிடியுங்கள். குஞ்சு வாங்கும்போது குளத்துச் சிவப்புத் திரளை அள்ளிக்கொண்டு வந்து விற்பவரிடம் வாங்க வேண்டாம். புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன் ஆராய்ச்சி நிறுவனம் விராலைப் பண்ணையில் முட்டையிட வைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. அப்படிப் பொரித்த குஞ்சு எங்கே கிடைக்கும் என்று மீன்வளத் துறையில் கேளுங்கள்.

பெயரில் ஏமாறாதீர்கள்

'தேளி விரால்' என்று விராலின் பெயரை ஒட்டி விற்கப்படுவது பல இடங்களில் ஆப்பிரிக்கக் கெளுத்தி. மீசை இருக்கும், செதில் இருக்காது. விராலுக்குச் செதில் உண்டு, மீசை இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பது நம் நாட்டில் தடை. வெள்ளத்தில் குட்டை உடைந்து அது கண்மாய்க்குள் போனால் நாட்டு மீன் எதையும் விட்டுவைக்காது. இதே கதை தலைகீழாக அமெரிக்காவிலும் நடந்தது. 2002இல் மேரிலாந்து மாநிலத்துக் குட்டை ஒன்றில் விராலின் சீன உறவு மீன் பெருகியதைக் கண்டு பதறி, உயிருள்ள விரால் இனங்களை இறக்குமதி செய்யவே அந்த நாடு தடை போட்டது. விரால் கெட்ட மீன் என்பதால் அல்ல, அந்த மண்ணுக்கு அது அயல் மீன் என்பதால்தான். நாட்டு விதைக்கு நாம் சொல்லும் நியாயம் நாட்டு மீனுக்கும் பொருந்தும்.

ஊர்கூடிச் செய்ய வேண்டியது

ஒருத்தர் மட்டும் விட்டுக்கொடுத்தால் அடுத்தவர் பிடித்துக்கொண்டு போவார். அதனால் மீன்பாசிக் குத்தகை விடும் நேரத்திலேயே ஊர்க் கூட்டத்தில் நான்கு விஷயங்களைப் பேசி முடிவு பண்ணுங்கள்: மழைக்காலத்தில் குஞ்சுத் திரள் மேல் தூண்டில் போடக்கூடாது, கரண்டும் மருந்தும் கூடவே கூடாது, கோடையில் மீன்பிடித் திருவிழா முடிந்தாலும் ஆழமான ஒரு மடுவில் ஊத்தாவோ வலையோ இறங்கக்கூடாது, மருந்து அடிக்கிற வயல்காரர் அன்றைக்கு வடிகால் திறக்கக்கூடாது. அந்த மடுவில் தப்பிப் பிழைக்கும் விரால்தான் அடுத்த மழைக்குக் குளத்துக்கு விதை.

விதை நெல்லைச் சோறாக்கித் தின்னாதவர் உழவர். குஞ்சோடு நிற்கும் விராலும் நமக்கு விதை நெல்தான்.